இடது கைக்காரன் போகிறான் என்றார்கள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் இரண்டு காரியம் நின்றுவிடும். தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்ட முடியாது. பூப்பந்து ஆட முடியாது. எங்கள் மைதானம் களிமண் தரை. ஒரு நாள் மழைக்கு ஒரு வாரம் சேறாகக் கிடக்கும். ஈரத்தில் நரம்பு தளர்ந்துவிடும் என்று மட்டைகளை மரச்சட்டத்தில் வைத்துத் திருகி, பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டுவிடுவோம். தை மாதம் தரை காய்ந்த பிறகுதான் அவை கீழே இறங்கும்.

ஆட்டம் இல்லாத அந்த மூன்று மாதத்தில்தான் ஊர் ஆட்டத்தைப் பற்றி ஓயாமல் பேசும். டீமில் யார் இருப்பான், யாரைக் கழற்றிவிடுவார்கள், மெட்ராஸில் எந்தக் கம்பெனி யாருக்கு வேலை தருகிறேன் என்று தூது விட்டிருக்கிறது, வாலாஜாபாத்திலிருந்து யாரைக் கொண்டுவரப் போகிறார்கள் என்று காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை ஓடும். பேச்சு நடக்கிற இடம் ஒரு சலூன். தறிக்குழியில் தண்ணீர் ஊறி வேலை இல்லாமல் போனவர்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். சலூன்காரர் ஒரு மாலைப் பத்திரிகைக்கு ஏஜென்ட். ஊர்ச் செய்தி எழுதி மெட்ராஸுக்கு அனுப்புகிறவரும் அவர்தான். கோயில் உற்சவம், லாரி விபத்து, பூப்பந்து இந்த மூன்றுதான் அவருடைய செய்திகள். மழைக்காலத்தில் முதல் இரண்டும் அதிகம் கிடைக்காது. அதனால் மூன்றாவதை வைத்து ஒப்பேற்றுவார்.

எங்கள் டீமை நடத்தியவர் ஒரு பட்டுக்கடை முதலாளி. ஆட்டத்துக்குப் போகிற நாட்களுக்குக் கூலி தருவார். வருஷத்துக்கு இரண்டு பனியன், ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ. வேலூர், திருவண்ணாமலை, மெட்ராஸ் என்று எங்கே டோர்னமெண்ட் நடந்தாலும் அவருடைய வேனில் போவோம். பூப்பந்தில் பக்கத்துக்கு ஐந்து பேர். முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு. நான் பின்னால் இடது மூலை. எனக்கு இடது கைப் பழக்கம் என்பதால் அந்த மூலைக்கு வருகிற மஞ்சள் பந்தை வேறு யாரும் எடுக்காத மாதிரி எடுப்பேன். இதை நான் இப்போது பெருமைக்குச் சொல்லவில்லை. அப்போது சலூனில் சொன்னதைச் சொல்கிறேன்.

பின்னால் வலது மூலையில் ஆடியவன் என் சிநேகிதன். நெசவு வீட்டுப் பிள்ளை, வீட்டில் தெலுங்கும் தமிழும் பேசுவார்கள். நான் முசரவாக்கத்துக் காலனியிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து சாயப்பட்டறையில் வேலை செய்தவன். பட்டு நூலைக் கொதிக்கிற அண்டாவில் முக்கி, கழியால் புரட்டிப் புரட்டி, நிறம் பதமாக ஏறிவிட்டதா என்று பார்க்கிற வேலை. விரல் நகங்களில் அரக்குச் சாயம் எப்போதும் இருக்கும். ஆறு வருஷம் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடினோம். நடுக்கோட்டில் பந்து விழுந்தால் யார் எடுப்பது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதே இல்லை. அவன் வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். அவன் கையால் பரிமாறியிருக்கிறான். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் இன்றும் எனக்கு ஆறவில்லை.

நான் சொல்லப்போவது, ஆட்சி மாறி ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ ஆகியிருந்த மழைக்காலத்தில் நடந்தது. அந்த ஆவணியில்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

ஒரு நாள் பட்டறையில் நூல் காயவைக்க வெயில் இல்லாததால் மதியமே போகச் சொல்லிவிட்டார்கள். சலூன் பக்கம் போனேன். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு முந்தின நாள் பத்திரிகையை மடித்து என் கையில் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில், சினிமா விளம்பரத்துக்குக் கீழே இரண்டு வரி. காஞ்சிபுரம் டீமின் இடது கை பின் ஆட்டக்காரர் வருகிற சீசனில் மெட்ராஸ் கம்பெனி ஒன்றின் டீமில் சேரவிருப்பதாகத் தெரிகிறது. கம்பெனியின் பெயரும் இருந்தது. இடது கை பின் ஆட்டக்காரர் ஊரில் ஒரே ஆள்தான்.

என்னிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. கடிதம் வரவில்லை, ஆள் வரவில்லை. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அதற்குள் ஒருவர், "உள்ள வந்து குந்துபா, மழைல இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்கற" என்றார்.

அந்த சலூனில் வெளியே ஒரு பெஞ்சு உண்டு, உள்ளே நான்கு நாற்காலி. எங்கள் காலனி ஆட்கள் வெளியேதான் உட்கார வேண்டும் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. யாரும் சொல்லாமலே ஆறு வருஷம் நான் வெளி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். டீ வந்தது. கம்பெனியில் என்ன வேலை, குவார்ட்டர்ஸ் தருவார்களா, பட்டறையில் சொல்லிவிட்டாயா என்று கேட்டார்கள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு சொல்லை அடுத்த மூன்று வாரத்தில் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கில்லை.

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்போது நான் அதை நம்பத் தொடங்கியிருந்தேன். போன சீசனில் மெட்ராஸில் ஆடியபோது, அந்தக் கம்பெனியின் விளையாட்டு அதிகாரி எங்கள் ஆட்டத்தை முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் என் தோளில் தட்டினார். பத்திரிகையில் வந்துவிட்டதென்றால் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது, கடிதம் பின்னால் வரும் என்று நினைத்தேன். தபால்காரர் எங்கள் காலனிக்கு வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் அதிகம். நான் பட்டறைக்குப் போகிற வழியில் தினமும் தபாலாபீசில் இறங்கிக் கேட்டேன்.

என் மனைவி மட்டும்தான் நேராகக் கேட்டாள். அவளுக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு வரை. பத்திரிகையை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இத்த அவங்களுக்கு யாரு சொன்னது?"

கம்பெனியில் சொல்லியிருப்பார்கள் என்றேன். கம்பெனிக்காரன் உங்களிடம் சொல்லாமல் பேப்பர்காரனிடமா சொல்லுவான் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. உனக்கு என்ன தெரியும் என்று கத்திவிட்டு வெளியே போனேன். கல்யாணமான பிறகு அவளிடம் கத்தியது அதுதான் முதல் தடவை.

சிநேகிதனைத் தேடிப் போனேன். சலூனில் அவனைக் கொஞ்ச நாளாகக் காணவில்லை. வீட்டில் தறியில் உட்கார்ந்திருந்தான். நான் நுழைந்தபோது அவனும் அவன் அம்மாவும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள், தமிழில். என்னைப் பார்த்ததும் தெலுங்குக்கு மாறினார்கள். அவன் அம்மா எனக்கு மோர் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்கள். பேப்பரைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தேன், நல்லதுதானே என்றான். கடிதம் வரவில்லையே என்றேன். வரும் என்றான். தறியின் பலகையை விட்டு இறங்காமலே பேசினான்.

இதற்குள் பட்டறையில் என் அண்டாவுக்கு வேறு ஆளைப் பழக்கத் தொடங்கியிருந்தார்கள். பட்டறைக்காரர் மேல் எனக்கு வருத்தமில்லை. போகப்போகிறவனை நம்பி அவர் எப்படி இருக்க முடியும். அரக்கும் மாம்பழ நிறமும் பதம் பார்க்கிற கை ஊரில் நாலைந்து பேருக்குத்தான் உண்டு. அதில் ஒருவனாக இருந்த என்னைச் சாயம் ஏறிய நூலை அலசுகிற இடத்துக்கு மாற்றினார். கம்பெனிக்குப் போகிற வரை இங்கே இரு என்றார். நான் அதையும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டேன்.

மார்கழி பிறந்தது. மழை விட்டது. கடிதம் வரவில்லை. ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு மெட்ராஸுக்கு பஸ் ஏறினேன். கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். கம்பெனி வாசலில் பதினொரு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து விளையாட்டு அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அவருக்கு என்னை நன்றாக நினைவிருந்தது. உட்காரச் சொன்னார், இடது கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நான் பத்திரிகைத் துண்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

அவர் அதைப் படித்துவிட்டு, மடித்து என் பக்கமே தள்ளினார்.

"தப்பா போட்டிருக்காங்க தம்பி. உங்க ஊர்லேர்ந்து ஒருத்தர எடுத்திருக்கோம், உண்மைதான். அது உங்க பக்கத்துல ஆடுவாரே, வலது கை. அவருக்கு ஐப்பசியிலயே ஆர்டர் அனுப்பிட்டோமே."

அவர் நல்ல மனிதர். எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். இடது கைக்காரர் ஒருவர் ஏற்கெனவே டீமில் இருக்கிறார், இல்லாவிட்டால் உங்களையும் பார்த்திருப்போம் என்றார். அவனும் நானும் சிநேகிதர்கள் என்று அவருக்குத் தெரியும். அவன் என்னிடம் சொல்லவில்லையா என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு அவருக்கு இன்றும் நன்றி சொல்லுவேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அழுகை வரவில்லை. தெலுங்குதான் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று, தெரியாத அந்த மொழியில் வார்த்தை வார்த்தையாகத் தேடிக்கொண்டு வந்தேன்.

இறங்கியதும் நேராக சலூனுக்குப் போனேன். சலூன்காரரைத் தனியாக வெளியே கூப்பிட்டு, அந்தச் செய்தியை யார் கொடுத்தது என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு, உன் சிநேகிதன்தான் சொன்னான், அவனைவிட உன்னைப் பற்றித் தெரிந்தவன் யார் இருக்கிறான் என்று நம்பினேன் என்றார்.

அவன் வீட்டுக்குப் போகவில்லை. காலையில் மைதானத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். வந்தான். தரை பாதி காய்ந்திருந்தது. கோடு போடாத வெறும் தரையில் நின்று பேசினோம்.

அவன் மறைக்கவில்லை. எங்கள் முதலாளிக்கும் அந்தக் கம்பெனியின் பெரிய அதிகாரி ஒருவருக்கும் பழக்கம் உண்டு. டீமிலிருந்து ஆள் போகிறான் என்று முன்பே தெரிந்தால் முதலாளி ஒரு வார்த்தை பேசி நிறுத்திவிடுவார். இரண்டு வருஷம் முன்னால் முன் ஆட்டக்காரன் ஒருவனை அப்படித்தான் நிறுத்தினார். காஞ்சிபுரத்திலிருந்து யாரோ போகிறார்கள் என்ற பேச்சு எப்படியோ கசிந்துவிட்டது. எல்லோரும் அவனைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். அதனால் என் பெயரைச் சொன்னான்; முதலாளி நிறுத்தப் பேசினாலும் இடது கைக்காரனைப் பற்றித்தான் பேசுவார். வேலையில் சேருகிற வரை முதலாளியின் கண் வேறு பக்கம் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நானே மறைச்சிருப்பேனே" என்றேன்.

"நீ ஒடனே இல்லன்னு சொல்லுவன்னு நெனச்சேன்பா. நாலு நாள்ல முடிஞ்சிடும்னு நெனச்சேன். நீ ஏன் இல்லன்னு சொல்லல?"

அவனை அடிக்க வேண்டும் என்றுதான் போயிருந்தேன். அந்தக் கேள்வியோடு என் கை விழுந்துவிட்டது. நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், அதனால் சொல்லவில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வேன். அவன் பிறந்ததிலிருந்து எல்லா இடத்திலும் நாற்காலியில் உட்கார்ந்தவன். அவனுக்கு அது விளங்கியிருக்காது. விளங்கியிருந்தால் இன்னும் மோசம். அது விளங்கித்தான் என் பெயரைச் சொன்னானோ என்று பிற்பாடு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அது இன்னும் தீரவில்லை.

பொங்கலுக்கு முன்னால் அவன் மெட்ராஸுக்குப் போய்விட்டான். போன பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

நான் பட்டுக்கடைக்குப் போனேன். முதலாளி மெத்தையில் உட்கார்ந்து ஒரு கல்யாண கோஷ்டிக்குப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் போகிறவரை ஓரமாக நின்றேன். நான் எங்கும் போகவில்லை, பத்திரிகையில் வந்தது பொய் என்று சொன்னேன். அவர் விரித்த புடவைகளை மடித்துக்கொண்டே கேட்டார்.

"பேப்பர்ல வந்து எத்தினி நாளாவுது? ஒரு வாட்டி இந்தக் கடைக்கு வந்து, இல்ல மொதலாளின்னு சொன்னியா? ஊரெல்லாம் டீ குடிச்சிக்கினு திரிஞ்சியே."

தப்புதான் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. பக்கத்து ஊர் தாமல்காரன் ஒருவனுக்கு இடது மூலையைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டேன், வலது மூலைக்கும் வாலாஜாபாத்திலிருந்து ஆள் வருகிறான், ஐந்து பேர் ஆட்டத்தில் ஆறாவது இடம் எங்கே இருக்கிறது என்றார். வேண்டுமானால் ரிசர்வாக வா, வேனில் இடம் இருந்தால் ஏறிக்கொள் என்றார். போனவன் மேல் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கெட்டிக்காரன், காரியத்தைச் சாதித்துக்கொண்டான் என்று சொல்லிச் சிரித்தார். கோபமெல்லாம் போகாதவன் மேல்தான் இருந்தது.

அந்த சீசன் முழுக்க நான் ரிசர்வ். மட்டையைத் தினமும் எண்ணெய்த் துணியால் துடைத்து எடுத்துக்கொண்டு போவேன். ஒரு ஆட்டத்துக்குக்கூட இறக்கவில்லை. தாமல்காரன் நல்லவன், என்னைப் பார்த்தால் சங்கடப்படுவான். இரண்டு தடவை கால் பிடித்துக்கொண்டது என்று அவனாகவே வெளியே வந்தான். முதலாளி அவனுக்குத் தைலம் தேய்க்கச் சொல்லி மறுபடி உள்ளே அனுப்பினார்.

பங்குனியில் எங்கள் ஊரிலேயே டோர்னமெண்ட். அந்தக் கம்பெனி டீம் வந்தது. கம்பெனி பெயர் போட்ட நீல பனியனில் என் சிநேகிதன் எங்கள் களத்தில் எதிர்ப் பக்கம் நின்றான். கோடு பார்க்க வேண்டிய ஆள் வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டு இடது பின் மூலையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். நான் ஆறு வருஷம் நின்று ஆடிய மூலைக்கு நேர் பின்னால்.

இரு பக்கமும் ஒவ்வொன்று ஜெயித்து, மூன்றாவது ஆட்டம். இருபத்தொன்பதுக்கு ஆட்டம் முடியும். கம்பெனி இருபத்தெட்டு, நாங்கள் இருபத்தேழு. அவர்கள் சர்வீஸ். நாலைந்து முறை பந்து அங்கும் இங்கும் போய் வந்த பிறகு என் சிநேகிதன் இழுத்து அடித்தான். தாமல்காரன் எட்டவில்லை. பந்து என் காலுக்கு முன்னால் விழுந்தது. கோட்டிலிருந்து சுண்ணாம்புத் தூள் எழும்பியதை நான் பார்த்தேன். அந்த இடத்திலிருந்து அதைப் பார்க்கக்கூடியவன் நான் ஒருவன்தான். ஜனம் முழுவதும் வெளியே, வெளியே என்று கத்தியது. அம்பயர் என்னைப் பார்த்தார். முதலாளியும் முன் வரிசையிலிருந்து என்னைப் பார்த்தார். அந்த வருஷத்தில் அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

வெளியே என்று கை நீட்டியிருந்தால் அடுத்த வருஷம் டீமில் இருந்திருப்பேன். எனக்கு அது நன்றாகத் தெரியும். உள்ளங்கையைத் தரையை நோக்கி வைத்து, உள்ளே என்று காட்டினேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். உண்மை அது இல்லை. அவன் அடித்த பந்தை நான் பொய் சொல்லித் தடுத்தேன் என்று அவன் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரியக் கூடாது. அது ஒன்றுதான் அப்போது மனதில் இருந்தது.

கம்பெனி ஜெயித்தது. அவன் என் பக்கம் திரும்பாமலே மற்றவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தான். மறுநாள் சலூனில், கம்பெனிக்காரன் வேலை தருவதாகச் சொல்லி என்னை வாங்கிவிட்டான், சிநேகிதன்தான் நடுவில் இருந்தவன் என்று பேசிக்கொண்டார்களாம். நான் அந்தப் பக்கமே போவதை விட்டிருந்தேன். என் மனைவிதான் தண்ணீர்க் குழாயடியில் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். இந்த முறை அவள் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடச் சொன்னாள்.

அதோடு மட்டையை விட்டேன். இருபத்து நாலு வயது. பட்டறையில் மறுபடி அண்டாவுக்கு வர எனக்கு நாலு வருஷம் பிடித்தது.

அதற்கும் பல வருஷம் கழித்து, அவன் தன் தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க முசரவாக்கம் வந்தான். எங்கள் வீட்டுக்கு அவன் வந்தது அதுதான் முதல் தடவை. தொந்தி விழுந்திருந்தது. நாற்காலி இல்லாததால் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தான். கம்பெனியில் டீமைக் கலைத்து மூன்று வருஷமாகிறது, ஆட வந்தவர்களையெல்லாம் ஸ்டோரில் போட்டுவிட்டார்கள், படித்தவனுக்குத்தான் புரமோஷன், மேஸ்திரிகூட மதிப்பதில்லை, மெட்ராஸ் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு மணி நேரம் குறைபட்டுக்கொண்டான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தடவையாவது பழையதைப் பற்றி ஏதாவது சொல்லுவான் என்று காத்திருந்தேன். அவன் மறந்தே போய்விட்டான் என்று நினைக்கிறேன்.

காபியைக் குடித்துவிட்டு எழுந்தான். கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறிப் போனான். அவன் எதற்கு வந்தான் என்று என் மனைவி கேட்டாள். அவனுக்கு ரொம்பக் கஷ்டமாம் என்று சொன்னேன்.